கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்த கடிதம்

"இருங்கோ" என்று மூன்று தடவை சொன்னேன். அந்தப் பெண் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர உட்காரவில்லை. சேலைக் கரையில் கடல் தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது. மூதூரிலிருந்து லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், வந்திருக்கிறாள் என்று அதைப் பார்த்தே விளங்கியது. வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணியிருக்கும்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சேவியர் ஐயா. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் கந்தோர் ஒன்றை இறங்குதுறைக்குப் போகும் வீதியில் வைத்திருந்தவர். எங்கள் மின்னஞ்சல் சேவையின் வாடிக்கையாளர். எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருகிற மனிதர். அன்றைக்குச் சட்டையின் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"சாந்தினி, இவ மல்லிகா. ஈச்சிலம்பற்று. இவவின்ர மனுசன் யோகராசா நான் அனுப்பின கப்பலிலதான் ரெண்டாவது குக். அந்தக் கப்பலில நெருப்புப் பிடிச்சிட்டுது."

முதல் நாள் கப்பல் கம்பனி தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். கப்பலைக் கைவிட்டு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். யார் யார் கரை சேர்ந்தார்கள் என்ற பட்டியல் மின்னஞ்சலில் வரும். சேவியர் ஐயா உடனே பஸ்காரரிடம் சொல்லி மல்லிகாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தார்.

"இண்டைக்கு நாலு மணிக்குப் பிறகு இணைப்பு எடுத்தனான். ஒரு கடிதம் வந்தது. பட்டியல் அடுத்த கடிதத்தில எண்டு அதில எழுதியிருக்கு. அந்த அடுத்ததைக் காணேல்ல."

நான் திரையைப் பார்த்தேன். சேவியர் கந்தோருக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. இரண்டும் கொடுத்தாயிற்று. நிலுவையில் ஒன்றுமில்லை.

"ரெண்டையும் உங்களுக்குத் தந்தாச்சு ஐயா."

"எனக்கு ஒண்டுதான் கிடைச்சது."

"இல்லை ஐயா, ரெண்டு. இஞ்ச எழுதிக் கிடக்கு. உங்கட மெசினில வடிவாத் தேடிப் பாருங்கோ."

எவ்வளவு திடமாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது.

கம்பனிக்குப் போன் எடுக்கலாமே என்றேன். எடுத்துப் பார்த்தாராம். பொறுப்பானவர்கள் எல்லாரும் ஆட்களைக் கரையேற்றிய துறைமுகத்துக்குப் பறந்துவிட்டார்கள். கந்தோரில் இருந்த பெண், "உங்களுக்கு அனுப்பியாகிவிட்டது, மேலே சொல்ல எனக்கு உத்தரவில்லை" என்றுவிட்டாள்.

மல்லிகா அப்போதுதான் வாய் திறந்தாள். என்னிடம் இல்லை, சேவியர் ஐயாவிடம்.

"இவவுக்கு வாசிக்கத் தெரியுமெண்டால், இவவிட்டயே கேளுங்கோவன், என்ன எழுதியிருந்ததெண்டு."

துண்டு இலக்கம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக, நாங்கள் செய்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில வருடங்களில் திருகோணமலைக்குத் திடீரென்று மின்னஞ்சல் தேவைப்பட்டது. உதவி அமைப்புகள், கப்பல் முகவர்கள், மீன் ஏற்றுமதி செய்பவர்கள், ஒரு தனியார் மருத்துவமனை. தவராசா அண்ணை என்பவர் உள்துறைமுக வீதியில் ஒரு பழைய கடையின் மேல்மாடியை எடுத்து, பதினாறு தொலைபேசி இணைப்புகளோடு இந்தச் சேவையைத் தொடங்கினார். இயந்திரங்களுக்குப் பொறுப்பு நான்.

மோடம் அறையின் சத்தத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஏலாது. கீச்சென்று கத்தும், பிறகு இரைச்சல், பிறகு அமைதி. அமைதி வந்தால் ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். கந்தோருக்குள் எப்போதும் சூடான பிளாஸ்ரிக் மணமும் துறைமுகப் பக்கத்துக் கருவாட்டு மணமும் கலந்திருக்கும். நகரத்துப் புள்ளிமான்கள் கீழே முற்றத்துக்கு வரும். காகிதம் என்றால் அவற்றுக்கு உயிர். ஒருமுறை தவராசா அண்ணை வெயிலில் காயப்போட்ட ஒப்பந்தப் பத்திரத்தில் கடைசிப் பக்கத்தை, கையெழுத்தோடு சேர்த்து ஒரு கலைமான் தின்றுவிட்டது. அவர் அதன் பின்னால் கோட்டை வாசல்வரை ஓடினார்.

விசயத்துக்கு வருகிறேன்.

வாடிக்கையாளர் எங்களை அழைக்கும்போது எங்கள் பெட்டி அவருக்கு ஒரு இலக்கம் கொடுக்கும். ஆஸ்பத்திரி வாசலில் தரும் துண்டுச் சீட்டைப் போல. இப்போது பதினான்கு உங்களுடையது. நீங்கள் போன பிறகு அதே பதினான்கு வேறு யாருக்கோ போகும். நாளைக்கு உங்களுக்கு மூன்றாம் இலக்கம் கிடைக்கலாம்.

ஆள் இல்லாத நேரத்தில் வருகிற கடிதங்களை எங்கள் இயந்திரம் வைத்திருக்கும். வாடிக்கையாளர் இணைப்பு எடுத்ததும் அவருடைய இயந்திரம், "நான் வந்திருக்கிறேன்" என்று ஒரு சொல் அனுப்பும். இந்த நேரத்தில் அவருக்கு என்ன இலக்கம் என்று எங்கள் இயந்திரம் பார்க்கும். அந்த இலக்கத்துக்குக் கடிதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளும். தள்ளியதும் தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடும்.

இந்த ஒழுங்கை அமைத்தவள் நான். கொழும்பிலிருந்து வந்தவர்கள்கூட இதைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். எனக்குத் தலைக்கனம் இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

எங்களுக்கு ஒரு கட்டளையும் இருந்தது. கடிதத்தைத் திறக்கக் கூடாது. தவராசா அண்ணை முன்பு தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர். "உறையைப் பார்க்கலாம், உள்ளே பார்க்கிறவன் இந்த வேலைக்கு ஆகாது" என்பார். ஆகவே மல்லிகா கேட்டதற்கு நான் சொன்ன பதில் உண்மைதான்: "நாங்கள் வாசிக்கிறேல்லை, தங்கச்சி."

அவள் என்னை அப்போதுதான் நேரே பார்த்தாள். "அப்ப அது போய்ச் சேர்ந்ததெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

பதினான்கு

அவர்கள் படியிறங்கிய பிறகு அந்தக் கேள்வி அறைக்குள்ளேயே நின்றது. யார் எந்த நேரத்தில் வந்தார், என்ன இலக்கம் பெற்றார் என்ற பதிவேட்டை எடுத்தேன்.

நாலு மணி பத்து நிமிடம். சேவியர் கந்தோர் வருகிறது. இலக்கம் பதினான்கு. முதல் கடிதம் போகிறது. உடனே தொலைபேசி இணைப்பு அறுகிறது. அந்தக் காலத்துக் கம்பிகளுக்கு இது புதிதல்ல.

நாலு மணி பன்னிரண்டு நிமிடம். வேறொருவர் அழைக்கிறார். அவருக்குக் கிடைத்த இலக்கமும் பதினான்கு.

என் இயந்திரத்துக்குச் சேவியர் ஐயா போய்விட்டார் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது பதினான்கு மட்டும். முதலில் போகாத இரண்டாவது கடிதத்தை மீண்டும் பதினான்குக்குத் தள்ளிவிட்டு, "கொடுத்தாயிற்று" என்று எழுதிப் பிரதியை அழித்துவிட்டது.

சாதாரணமாக இப்படி நடந்தாலும் மோசமில்லை. பெற்றுக்கொள்ளும் இயந்திரம், "இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை" என்று திருப்பி அனுப்பும். ஆனால் இந்த வாடிக்கையாளரின் இயந்திரம் அப்படிச் சொல்லாது. ஏனென்றால் அது கிண்ணியா உவைஸ் ஹாஜியாரின் ஐஸ் கம்பனி இயந்திரம்.

அதை அமைக்கப் போனவளும் நான்தான். ஹாஜியாரின் பெயரை வெளியூர் வியாபாரிகள் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கடிதங்கள் திரும்பித் திரும்பிப் போயின. ஒரு நாள் பின்னேரம், கடைசி மிதவைப் பாதை புறப்படப் போகிற அவசரத்தில், "என்ன பெயருக்கு வந்தாலும் எடுத்துக்கொள்" என்று அதற்குச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அவருடைய பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் அரை மணித்தியாலம் போதும்.

ஹாஜியாரின் கந்தோருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீண்டும் எடுத்தேன். மீண்டும்.

தவராசா அண்ணையிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று தோன்றியது.

"பாதை ஆறு மணியோட நிண்டிடும். விடிய முதல் பஸ்ஸில போம்" என்றார். "சேவியரிட்ட நான் சொல்லுறன், தேடிக்கொண்டிருக்கிறம் எண்டு."

தேடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொன்னோம். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. மல்லிகா அன்று சேவியர் ஐயாவின் வீட்டில் தங்கினாள் என்று பிறகு அறிந்தேன்.

அமானிதம்

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. பஸ் நிற்காமல் போகிறது. அப்போது சீனக்குடாவைத் தாண்டி, கரையில் இறங்கி, பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவை. அன்று காலை எனக்கு முன்னால் ஒரு லொறி நிறைய வாழைக்குலை. அதன் சாரதி நிதானமாகப் பல் தீட்டிக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் அவரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்தார்.

அந்தச் சின்னத் தூரத்தைக் கடக்கும்போது ஒரு கணக்குப் போட்டேன். ஹாஜியாரின் ஆட்கள் தெரியாத கடிதங்களை அழித்திருந்தால்? தெரியாதவர்களிடமிருந்து குப்பைக் கடிதங்கள் வரத் தொடங்கிய காலம் அது. நானாக இருந்தால் அழித்திருப்பேன்.

ஐஸ் கம்பனிக் கதவில் பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், "ஹாஜியார்ட தங்கச்சி மகளுக்கு இண்டைக்குக் கலியாணம். நேத்துப் பகலே பூட்டியாச்சி" என்றார். நேற்று நாலு மணிக்கு அழைத்தது ஆளில்லை, தானாக நேரத்துக்கு இணைப்பு எடுக்கும் இயந்திரம். அதையும் அப்படி அமைத்தவள் நான்தான்.

கலியாண வீட்டு முற்றத்தில் பெரிய சட்டிகளுக்கு நடுவே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாஜியார் நின்றார். புகையில் கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும், "வாங்க புள்ள, உங்களுக்கும் சொல்லி அனுப்பினாங்களா? நல்லாப் போச்சி" என்றார்.

நான் விசயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் கையைத் துடைத்துக்கொண்டு திறப்பை எடுத்தார். திறப்பு என்றால் சாவி, தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

"சட்டியப் பாருங்க, அடிப்பிடிக்கும்!" என்று பின்னால் யாருக்கோ கத்திவிட்டு என்னோடு நடந்தார்.

இயந்திரம் விழித்துக்கொள்ள எடுத்த நேரத்தில் அவர் சொன்னார்:

"புள்ள, நம்மட இல்லாத காயிதம் இதுக்குள்ள கொஞ்ச நாளா வருது. ஆஸ்பத்திரிட பேரு போட்டு வந்திச்சி, என்ஜிஓக்காரங்கட வந்திச்சி. நான் உங்களுக்குப் போன்ல சொன்னனே."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். குப்பக் காயிதம், அழிச்சிடுங்க எண்டு சொன்னீங்க."

நினைவு வந்தது. ஒரு காலை, இரண்டு போன் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் சொன்ன பதில் அது.

"அப்ப அழிச்சிட்டீங்களா ஹாஜியார்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "மத்தவங்கட காயிதத்த நான் எப்பிடிப் புள்ள அழிக்கிற? அது அமானிதம் இல்லியா? ஆளு வந்து கேக்குமட்டும் பத்திரமா வெச்சிரிக்கணும்."

திரையில் அவர் ஒரு கோப்புறையைக் காட்டினார். அதற்குப் பெயரே அமானிதம்தான். உள்ளே பதினைந்து கடிதங்கள். ஒன்றும் திறக்கப்படாமல், தடித்த எழுத்தில் அப்படியே இருந்தன. நேற்று வந்தது இன்னும் அதற்குள் போடப்படாமல், புதிதாக வருகிற கடிதங்களின் பெட்டியில் தனியே கிடந்தது. அனுப்பியவர் கப்பல் கம்பனி. பெறுபவர் சேவியர் கந்தோர்.

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

மாமாவின் பெயர்

திறக்கக் கூடாது என்ற கட்டளை அப்போதும் எனக்குள் நின்றது. ஹாஜியாரின் போனில் சேவியர் ஐயாவை எடுத்தேன்.

"கிடைச்சிட்டுது ஐயா. திறக்கட்டோ?"

"கேக்கிற கேள்வியா இது? திறந்து வாசியும்!"

மூன்று பிரிவாகப் பெயர்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள். விடுதியில் இருப்பவர்கள். கடைசியில், இன்னும் தேடப்படுகிறவர் என்று ஒரே ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், கப்பல் வேலைக்காரரின் அடையாளமான கடலோடிப் புத்தகத்தின் இலக்கம்.

நான் யோகராசாவை மட்டும் தேடினேன். மேலிருந்து கீழே ஒருதரம். கீழிருந்து மேலே ஒருதரம்.

"யோகராசா எண்டு ஒருத்தரும் இல்லை ஐயா."

மற்றப் பக்கத்தில் போன் கை மாறும் சத்தம். மல்லிகா.

"அக்கா, இருக்கிற எல்லாப் பேரையும் வாசியுங்கோ. ஒண்டும் விடாமல்."

"எல்லாம் வேற நாட்டாக்கள் போல, தங்கச்சி..."

"பரவாயில்லை. வாசியுங்கோ."

வாசித்தேன். வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவள், "ம்" என்றாள். ஆஸ்பத்திரிப் பிரிவு முடிந்தது. விடுதிப் பிரிவில் பாதி வந்தேன்.

"கணபதிப்பிள்ளை, வை."

"ஆர்?"

"கணபதிப்பிள்ளை எண்டு போட்டிருக்கு. இவரும் எங்கட பக்கத்து ஆள் போல."

"அது என்ர மாமா."

"மாமாவும் கப்பலிலயோ?"

"மாமா செத்து ஏழு வருசம் அக்கா!" என்றாள். சொல்லிவிட்டு மூச்சை இழுத்தாள். "என்ர மனுசனை அங்க மாமான்ர பேராலதான் கூப்பிடுறவங்கள். பாஸ்போட்டில அதுதானே முதல் கிடக்கு. எல்லாரும் என்னை அப்பான்ர பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள், நானும் திரும்பிப் பாக்கிறன் எண்டு எழுதினவர்."

நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கம்பனிக்காரர்கள் முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு, யோகராசாவை 'வை' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அந்த ஒற்றை எழுத்து என் கண்ணில் படவேயில்லை.

சேவியர் ஐயா போனை வாங்கினார். "அந்தப் புத்தக இலக்கத்தை வாசியும். மெதுவா." நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். கோப்பின் தாள்கள் புரளும் சத்தம். கடைசி இலக்கத்தைச் சொல்லும் முன் அவரே அதைச் சொல்லிவிட்டார்.

"அவர்தான். சாந்தினி, அவர்தான். பக்கத்தில வேற என்ன எழுதிக் கிடக்கு?"

"காயமில்லை எண்டு."

போனுக்குள் மல்லிகா அழுதாளா சிரித்தாளா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நானும் எதையோ செய்துகொண்டிருந்தேன். ஹாஜியார் தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினார். அதில் நெய்ச்சோற்று மணமும் விறகுப் புகையும் இருந்தன. முகத்தைத் துடைத்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு திரையைக் குனிந்து பார்த்து, "கடைசியில ஒரு பேர் தனியாக் கெடக்கே, அது ஆரு?" என்று கேட்டார்.

"தேடிக்கொண்டிருக்கினமாம். வேற நாட்டுப் பொடியன்."

"பேரச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறித் திரும்பச் சொன்னார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, உதடு மட்டும் அசைய, கொஞ்ச நேரம் நின்றார். நானும் எழுந்து நின்றேன். அந்தப் பொடியனுக்கு என்ன ஆனது என்று எனக்குப் பிறகும் தெரியவரவில்லை.

பசி

திரும்பிப் போக ஹாஜியார் விடவில்லை. பெண்கள் இருந்த அறையில் பாயில் உட்காரவைத்தார்கள். பெரிய தட்டம் நிறைய நெய்ச்சோறு, சகன் என்பார்கள். ஐந்தாறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என் பக்கத்துச் சோறு மட்டும் பள்ளமாகிக்கொண்டு போனது. எதிரே இருந்த ஒரு பெண் பேசாமல் தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

சாப்பிட்டு எழும்பி ஐஸ் கம்பனிக்குப் போய், அந்த இயந்திரத்துக்கு ஹாஜியாரின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் எடுத்தது.

பட்டியலையும் அந்தப் பதினைந்து கடிதங்களையும் இரண்டு பிளொப்பித் தட்டுகளில் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை தவராசா அண்ணையும் நானும் உரியவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கொடுத்து, என்ன நடந்ததென்று சொன்னோம். மருத்துவமனைக்காரர்கள் கோபித்தார்கள். ஒரு அமைப்பு எங்களை விட்டே போய்விட்டது. அது நியாயம்தான். சேவியர் ஐயா மட்டும், "இதை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம்" என்றார்.

அந்தக் கிழமையே ஒழுங்கை மாற்றினேன். எங்கள் இயந்திரம் கடிதங்களைத் தள்ளுவது நின்றது. வாடிக்கையாளர் வந்து, தன் கடவுச்சொல்லைச் சொல்லி, தானே எடுத்துக்கொண்டு போகவேண்டும். எடுத்த பிறகும் மூன்று நாளைக்குப் பிரதி எங்களிடம் கிடக்கும். பாராட்ட யாரும் வரவில்லை. ஆனால் அன்று முதல் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

தயிர்ச் சட்டி

ஒரு மாதத்துக்குப் பிறகு மல்லிகா வந்தாள். யோகராசா வீடு வந்து சேர்ந்துவிட்டார். வயல் வேலை தொடங்கிவிட்டதால் அவர் வரவில்லையாம். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர், வாய் கட்டி. லோஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நீங்கள் கிண்ணியாமட்டும் போய்த் தேடி எடுத்துத் தந்தனீங்களாம். சேவியர் ஐயா சொன்னவர்."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை என்பது விளங்கியது. அதை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்.

சட்டியை வாங்காமல் சொன்னேன். அந்தக் கடிதம் வழி தவறியது என்னுடைய பிழை. வெள்ளி பின்னேரமே எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை.

மல்லிகா கேட்டுக்கொண்டு நின்றாள். மோடம் ஒன்று கத்தி அடங்கியது.

"அண்டைக்கே சொல்லியிருந்தால் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டன்" என்றாள்.

"தெரியும்."

"சேவியர் ஐயா வீட்டில ஒரு பொட்டுக் கண் மூடேல்லை நான். தாலியைக் கழட்ட வேண்டி வருமோ எண்டு பிடிச்சுக்கொண்டே கிடந்தனான்."

அவள் சட்டியை என் மேசையில் வைத்தாள். பிறகு கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தாள்.

"தயிரை வேற ஏனத்தில மாத்திப்போட்டுச் சட்டியைக் கழுவித் தாங்கோ அக்கா. அது மச்சாளின்ர சட்டி. ரெண்டு மணி லோஞ்சுக்கு நான் போகவேணும்."

தேநீர்க் கேத்தலைத் தவிர கந்தோரில் வேறு ஏனம் இல்லை. தயிரை அதற்குள் ஊற்றினேன். சட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தேங்காய்த் தும்பு போட்டு, உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன்.